எந்தப் புருவத்தில் இருந்தது உன் தழும்பு?

என் ஆரோக்கியம் அண்ணாவுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்திலும் ஏதாவது ஒரு வண்டியின் முன்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இதுல இன்னாவோ தப்பா கீதே" என்று யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை. ஸ்டெல்லா அண்ணி மறுபடி வேலைக்குப் போகிறார். நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இதெல்லாம் சம்பிரதாயத்துக்கு எழுதுகிறேன். எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். உன் தழும்பு எந்தப் புருவத்தில் இருந்தது?

சிரிக்காதே. கூடப் பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது என்று கேட்பாய். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

நம் மாடல் கார் குழுவில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். உன் கண்ணாடி அலமாரி என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான்தான் தூசி தட்டுகிறேன். வெள்ளை அம்பாசிடர், பழைய பத்மினி, மூக்கு நீண்ட லாரி, பச்சை ஜீப் எல்லாம் நீ வைத்த வரிசையிலேயே நிற்கின்றன. உள்ளங்கையில் அடங்குகிற அந்த வண்டிகளை வாங்குவது நமக்குப் பாதி சந்தோஷம்தான். அசல் வண்டியைத் தேடிப்போய் ஒத்துப்பார்த்து, செய்தவன் எங்கே கோட்டை விட்டான் என்று கண்டுபிடிப்பதுதான் மீதி. "பொம்மையப் புட்ச்சி வெசாரண பண்ணிக்கினு கீதுங்க பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த அம்பாசிடர் கதை ஞாபகம் இருக்கிறதா? அந்த மாடலை ஒரு வருஷம் மேஜைமேல் வைத்து நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் நான் வேலை பார்க்கிற கோர்ட்டு வளாகத்துக்கு நீ வந்தாய். வேப்பமரத்தடியில், ஏதோ வழக்கில் பிடிபட்டு டயர் இறங்கி நின்ற நிஜ அம்பாசிடரை ரெண்டு பேரும் பார்த்தோம். நான் சட்டென்று சொன்னேன், "அண்ணா, இந்த வண்டியில மூக்கு தப்பா கீது. இவ்ளோ மேல வரக்கூடாது."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். டீக்கடை வரைக்கும் சிரித்தாய். "ஏன்டி, அசலே தப்பா? அசல் எப்படிடி தப்பாவும்?" அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சட்டம் போட்டாய். "மாடலைப் பாத்துக்கினே இருந்தா கண்ணு கெட்டுப்பூடும். அப்புறம் அசல்தான் கோணையாத் தெரியும். மொதல்ல வண்டியப் போய்ப் பாரு. அப்புறமா பொம்மையப் பாரு." அன்றிலிருந்து அதுதான் நமக்கு வழக்கம். வண்டியைப் பார்க்காமல் மாடலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆனால் மனுஷனுக்கு என்ன செய்வது என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை.

நீ போன பிறகு அண்ணி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டார். வெளியூரில் ஒரு பட்டறையில் உன்னைச் சிலையாகச் செய்யச் சொல்லிவிட்டார். மெழுகு இல்லை, சிலிகான். இப்போது நிறைய வீடுகளில் செய்கிறார்கள். போட்டோ கொடுத்தால் போதும், தோல், நரம்பு, நகத்துக்கடியில் இருக்கிற நிறம் வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு வேனில் வந்தது. ரெண்டு ஆட்கள் அதைத் தூக்கி, ஹாலில் கண்ணாடி வைத்த பீரோ இருக்கிறதே, அதற்கு எதிரே உன் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உன் நீலக்கோடு போட்ட சட்டை, உன் வாட்ச், உன் செருப்பு. அக்கம்பக்கத்தினர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கொஞ்ச தூரத்திலேயே நின்று பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியதும் அதன் முன்நெற்றி முடி லேசாக ஆடியது. பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா மட்டும் நேராகப் போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா இவ்ளோ சில்லுனு கீற" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அது இந்த வீட்டில் ஓர் ஆள்.

அண்ணி வாரம் ஒருமுறை சட்டை மாற்றுகிறார். அம்மா சாப்பிட உட்காரும்போது, "நீ அப்பறமா சாப்பிடறியா?" என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கிறாள். பதில் வராதது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. நீயும் மாடலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல மாட்டாய் அல்லவா? ஷேர் ஆட்டோ ஓட்டுகிற உன் சிநேகிதர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து, சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை விரட்டிக்கொண்டு போனார். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. பயமா என்று கேட்டால் பயம்தான். உனக்குப் பயப்படுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது.

அது வந்த அன்று எல்லோரும் போன பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டார். "ரீட்டா, நீதான் மாடல் பாத்துத் தப்பு சொல்றவ. நீ பாத்துச் சொல்லும்மா. கல்லறைத் திருநாளுக்கு முன்ன பட்டறைக்காரங்க இன்னொருவாட்டி வருவாங்களாம். எதுனா மாத்தணும்னா அப்ப மாத்திக்கலாம்னாங்க. அப்புறம் மாத்த முடியாதாம்." அவர் கண்கள் வீங்கியிருந்தன. சரியாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற ஏக்கம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நான் அதன் எதிரே நின்று உன் முறைப்படியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். காது சரி. மேல் உதடு சரி. கழுத்தில் சவரம் செய்த இடத்துச் சொரசொரப்புகூடச் சரி. அப்புறம் புருவத்துக்கு வந்தேன். தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

"அண்ணி, தழும்பு பக்கம் மாறிப்போச்சு. அண்ணனுக்கு வலதுல இருந்துச்சு."

அண்ணி திரும்பி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்லியேம்மா. அவருக்கு இந்தப் பக்கந்தானே?" என்று அதன் இடது புருவத்தைத்தான் காட்டினார். அம்மாவைக் கேட்டோம். அம்மா கட்டிலில் படுத்தபடியே, எட்டிப் பார்த்து, "இன்னாடி கேள்வி இது, அதான் தெரிதே" என்று அந்தச் சிலையையே காட்டினாள்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணி பட்டறைக்கு அனுப்பியது நீயே எடுத்துக்கொண்ட செல்ஃபி. உன் போன் முகத்தைக் கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டும். செய்தவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். சரி, வேறு படத்தைக் காட்டி மெய்ப்பித்துவிடலாம் என்று தேடினால், உன் போன் முழுக்கக் கார் படங்கள். பம்பர், ஹப்கேப், கதவிடுக்கு. உன் முகம் இருக்கிற ஒன்றிரண்டும் செல்ஃபிதான். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் உன்னை அழகுபடுத்துகிறேன் என்று தழும்பையே அழித்துவிட்டார். ஆதார் அட்டையில் இருப்பது நீதானா என்பதே சந்தேகம். ஊரில் உள்ள வண்டியெல்லாம் நாலு பக்கமும் படமெடுத்த மனுஷா, உன்னை ஒரு பக்கமாவது ஒழுங்காக யாரும் எடுக்கவில்லையே.

அப்புறம் பச்சை ஜீப் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன்.

குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, சொல்லிவிடுகிறேன். நம் அப்பா கல்வராயன் மலையில் சர்ச்சுப் பங்குச்சாமியின் ஜீப்பை ஓட்டினார். நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது, ஒரு மழைநாளில், மலைப்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்க அப்பா இறங்கினார். நீ டிரைவர் இடத்தில் தாவி ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்று, வெளியே எட்டிப் பார்த்தாய். வண்டி கொஞ்சம் உருண்டு கல்லில் இடித்து நின்றது. முன்கண்ணாடிச் சட்டத்தில், பக்கக் கண்ணாடி மாட்டுகிற போல்ட் உன் புருவத்தைக் கிழித்துவிட்டது. பின்னால் அம்மா மடியில் இருந்த எனக்கு உன் பிடரிதான் தெரிந்தது. அம்மா என்னைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் பாய்ந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை உன் புருவத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவனாகி நீ ஜீப் மாடல் வாங்கியபோது அதில் அந்த போல்ட் இல்லை. "வண்டியில இருந்த போல்ட்டு மாடல்ல இல்ல. என் மூஞ்சியில கீது" என்று சிரித்துவிட்டு, ஒரு குண்டூசித் தலையை வெட்டி நீயே ஒட்டினாய். அதைத்தான் தேடி எடுத்தேன். ஒட்டிய குண்டூசித் தலை ஜீப்பின் இடது பக்கம் இருந்தது.

ஜீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அண்ணா. பிறகுதான் விளங்கியது. அது வெளிநாட்டு மாடல், ஸ்டீயரிங் இடது பக்கம். "ஸ்டீயரிங் அந்தப் பக்கம் போனா போல்ட்டும் அந்தப் பக்கம்தான் போவணும்" என்று நீ பிடிவாதமாக ஒட்டினது. விளங்கினாலும் மனசு ஆறவில்லை. போன் இடது என்கிறது. அண்ணி இடது என்கிறார். அம்மா இடது என்கிறாள். நீயே உன் கையால் இடது பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாய். நான் ஒருத்திதான் வலது என்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணை மூடி உன் முகத்தை வரவழைத்துப் பார்த்தேன். கோர்ட்டு வாசலில், டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டு நின்றாய். தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

அதுதான் என்னை உலுக்கிவிட்டது. உன் சிரிப்புக்குள் அந்தச் சிலையின் முகம் நுழைந்துவிட்டது. அம்பாசிடரின் மூக்கு தப்பு என்று சொன்னவள்தானே நான்? இன்னும் கொஞ்ச நாள் போனால் நீயே தப்பு என்று சொல்லிவிடுவேன். உன்னை ஒருமுறை புதைத்தாயிற்று. மறுபடியும் தொலைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ போட்ட சட்டம்தானே, முதலில் வண்டியைப் போய்ப் பார்! சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏறக் காது அடைத்தது. வெள்ளிமலையில் இறங்கி, அந்தக் கடுக்காய் வியாபாரியின் வீட்டைக் கேட்டுப் போனேன். அப்பாவுக்கு அப்புறம் ஜீப்பை வாங்கியவர் அவர்தானே. மனுஷர் வாசலில் கடுக்காயைக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. டிரைவர் பொண்ணுதானே நீங்க? அண்ணன் வரலீங்களா? வருசத்துக்கு ஒருவாட்டி வந்துடுவாரே. வண்டியத் தொடக்கூட மாட்டாரு, சுத்திச் சுத்தி வந்து பாத்துக்கினே நிப்பாரு."

நான் சொன்னேன், "அண்ணன் வூட்ல உக்காந்துகினு இருக்காருங்க."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பொய் சொல்கிறோம் என்கிற உணர்வே இல்லாமல் சொன்னேன். நிஜமாகவே அந்த நொடியில் பிரம்பு நாற்காலியும் நீலக்கோடு சட்டையும்தான் என் கண்ணில் இருந்தன. அவர், "நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார். நான் திருத்திச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை நீ இன்னும் இருக்கிறாய், அண்ணா. இறங்கி வரும்போதும் நான் சொல்லவில்லை.

ஜீப் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் நிற்கிறது. பெயிண்ட் உதிர்ந்து, இன்ஜின் இருந்த இடத்தில் கோழி அடைகாக்கிறது. நீ பார்த்திருப்பாய். நான்தான் அப்பா போனதிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை. மேகம் மரத்துக்குக் கீழே வரைக்கும் இறங்கியிருந்ததால் பட்டப்பகலிலும் வெளிச்சம் கம்மிதான். டிரைவர் சீட்டில் பஞ்சு இல்லை, வெறும் தகடு. ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அது வண்டியின் வலது பக்கம், நம்மூர் வண்டிக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

முதலில் இடது பக்கச் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. போல்ட் இல்லை, போல்ட் இருந்ததற்கு ஓட்டைகூட இல்லை. அப்புறம் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி, நீ அன்றைக்குச் சாய்ந்த மாதிரி, வலது பக்கம் மெதுவாகச் சாய்ந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. ஈரமாய், சில்லென்று, ஏதோ ஒன்று என் வலது புருவத்தைத் தொட்டது. யாரோ ஒரு விரலை வைத்து "இங்க" என்று சொன்ன மாதிரி இருந்தது.

அந்தச் சில்லிப்பில் நெற்றியை வைத்தபடியே அழுதேன். உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. வலதுதான், அண்ணா. வலதுதான். கோழி ஒருமுறை கொக்கரித்துவிட்டு அடங்கியது. நான் இறங்கும்போது சீட்டுத் தகடு, இன்னும் ஒருவர் கூடவே இறங்கின மாதிரி, ரெண்டு தடவை சத்தம் போட்டது. பழைய வண்டி, அப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தவள் உரித்த பூண்டை மடியிலிருந்து கொட்டிவிட்டு எழுந்தாள். முட்டிவலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நேராக வந்து, புடவைத் தலைப்பை எடுத்து என் வலது புருவத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள். பலமாக, வலிக்கிற மாதிரி.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா. கீழ எறங்கினதும் ஆஸ்பத்திரி வந்துடும்டா" என்றாள்.

என் புருவத்தில் போல்ட்டின் துரு ரத்தம் மாதிரி சிவப்பாக ஒட்டியிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவின் கண் எதைச் சொன்னாலும் அவள் கைக்கு இடம் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைப்பை எடுத்துத் துருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நீயாடி" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து பூண்டைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நான் மறக்கப் போவதில்லை.

அண்ணி எல்லாவற்றையும் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வலதுதானா?" என்றார். தலையாட்டினேன். பட்டறைக்காரர்களுக்குப் போன் செய்து சொல்லவா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிலையின் காலர் மடிப்பைச் சரிசெய்துகொண்டே வேறொன்று சொன்னார்.

"ரீட்டா, காலைல அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்துல ஆபீஸ். இந்த பீரோ கண்ணாடியிலதான் ரெண்டு பேரும் நின்னு தலை சீவுவோம். அப்பதான் நான் அவரை நிதானமாப் பாப்பேன். மத்த நேரமெல்லாம் அவர் கார் பொம்மையப் பாத்துக்கினு இருப்பாரு, நான் அடுப்பப் பாத்துக்கினு இருப்பேன். எனக்குத் தெரிஞ்ச அவரு கண்ணாடியில தெரிஞ்சவருதான். அந்தத் தழும்பு எனக்கு இந்தப் பக்கந்தான்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. என் அசல் வெள்ளிமலையில் நிற்கிறது, அவருடைய அசல் இந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. "அண்ணி, தப்பு இருக்குது. ஆனா அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பட்டறைக்காரர்கள் வந்தார்கள், மாற்ற ஒன்றுமில்லை என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். அண்ணி அதைச் சொன்னபோது கையை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினார். நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதுவரை அந்தச் சிலையை எதிரில் நின்றுதான் பார்த்திருந்தேன். அது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணாடிக்குள் நான் பார்த்ததே இல்லை.

கண்ணாடிக்குள் பக்கம் மாறிவிடும் அல்லவா? அங்கே தழும்பு வலது புருவத்தில் இருந்தது. காது, உதடு, கழுத்து, தழும்பு எல்லாம் சரி. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், தப்பே இல்லை. இத்தனை வருஷத்தில் நாம் பார்த்த எந்த மாடலிலும் நான் சொல்லாததை அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நீதான் அங்கே உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், துடைத்தும் போகாத துரு என் இடது புருவத்தில் தெரிந்தது. அந்தக் கண்ணாடிக்குள் நீ அசலாக இருந்தாய், அண்ணா. பக்கம் மாறிப்போனது நான்தான்.

நாளை கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கியாயிற்று. அம்மா, "அவன வூட்ல தனியா வுட்டுட்டா போறது?" என்கிறாள். அவளைக் கையைப் பிடித்துக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ அங்கே இரு.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை அந்தத் தழும்பை யாரும் இடம் மாற்ற விடமாட்டேன். எதிரில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது நீ இல்லை என்று சொல்ல அந்த ஒரு தப்புதான் மிச்சம் இருக்கிறது. வருஷம் ஒருமுறை நானே மலை ஏறிப்போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, வலது பக்கம் சாய்ந்து, உன் புருவத்தைத் தொட்டுவிட்டு வருவேன். அதற்கப்புறம்தான் ஹாலுக்குள் போவேன். பீரோ பக்கம் மட்டும் பார்க்க மாட்டேன். நீயும் அங்கிருந்து என்னைக் கூப்பிடாதே.

உன்னிடம் தப்பு கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த, ஒரு தப்புக்காக இப்போது நன்றி சொல்கிற,
உன் தங்கச்சி
ரீட்டா